இலை காய்ந்த பிறகு

அத்பாஷி
12 அக்டோபர் 1978

மருமகள் மேரிமுக்கு அத்தை பூருல்கான் எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சேதி. பெரியவள் மகன் தாலாய்க்கு தலைநகர் ஃப்ரூன்ஸேயின் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நம் கிராமத்திலிருந்து நாலு பேர் பரீட்சை எழுதினார்கள், தேறியது அவன் ஒருவன்தான். இரண்டாமவள் மகள் ஜில்திஸுக்கு மாவட்டக் கணக்குப் போட்டியில் முதல் பரிசு. பரிசாக வந்த கடிகாரத்தை வலது கையில் கட்டிக்கொண்டு திரிகிறாள். அவள் எழுதுவது இடது கையால் அல்லவா, அந்தக் கையில் கட்டினால் உரசுமாம். அவள் தம்பி உலான் அறுவடை விழாவின் குதிரைப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான். பதினோரு வயதில் மூன்றாவது என்றால் முதல் மாதிரிதான். சின்னவள் பிள்ளை நடக்க ஆரம்பித்தான். நடை தடங்காமல் வர, நம் வழக்கப்படி போன வாரம் காலில் நூலைக் கட்டி வெட்டினோம். நாலு எட்டு வைத்து ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டான். என் கடைக்குட்டி பெர்மெத் நூறு வரை எண்ணுகிறாள், நூறிலிருந்து திரும்பியும் எண்ணுகிறாள். தன் பெயரைச் சமையலறைச் சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறாள். அடிக்கலாம் என்று போனேன். எழுத்து நேராக இருந்தது, விட்டுவிட்டேன்.

வீட்டில் ஆளும் ஆடும் சுகம். உனக்கும் என் மகன் எசெனுக்கும் சளி, இருமல் இல்லையே? அவனுக்கு எழுதினால் 'எல்லாம் சரி' என்று இரண்டு வார்த்தையில் பதில் வருகிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் ஐரிஸ் பூப் பாத்தியை நேற்று மூடினேன். பழைய கம்பளி விரிப்பை நாலாக மடித்துப் போட்டு மேலே கல் வைத்தாயிற்று, நீ சொல்லிக்கொடுத்தபடியே. கிழங்குகள் நன்றாகத் தூங்குகின்றன. கவலைப்படாதே.

விசேஷம் ஏதாவது உண்டா? பெர்மெத் பிறந்து ஆறரை வருஷம் ஆகிறது. தொட்டில் பரணில் கிடந்து தூசி பிடிக்கிறது.

பதில் போடு.
அத்தை

*

நோவோசிபிர்ஸ்க்
6 நவம்பர் 1978

அத்தை அவர்களுக்கு மேரிமின் வணக்கம்.

குளிர் வந்துவிட்டதே, முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்கள் எழுதிய சேதிகளை ஒவ்வொன்றாக அவருக்குப் படித்துக் காட்டினேன். தாலாய்க்கு எழுந்து நின்று கை தட்டினார். பெர்மெத் சுவரில் எழுதியதைக் கேட்டு, 'இன்னொரு தடவை படி' என்றார்.

விரிப்புப் போட்டு மூடியதற்கு நன்றி. மண் காய்ந்திருந்ததா? எலிப் பொந்து தெரிந்ததா? தாவரவியல் தோட்டத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் குளிர்தான் எதிரி என்று நினைக்கிறார்கள். குளிர் ஒன்றும் செய்யாது, பனி மூடிக்கொள்ளும். இங்கே கொல்வது கோடை மழைதான். நம் மலைப் பூ பனி உருகும் ஓரத்தில் ஒரு வாரம் பூத்துவிட்டு, இலை காய்ந்த பிறகு மூன்று மாதம் சொட்டுத் தண்ணீர் படாமல் கிடக்க வேண்டும். இந்த நாட்டில் எந்தத் தோட்டத்திலும் அது நாலு வருஷம் தாங்கியதில்லை. அத்பாஷியில் நம் முற்றத்தில் ஏழு வருஷமாக இருக்கிறது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அது அங்கே இருக்கிற தைரியத்தில்தான் நான் இங்கே வேலை செய்கிறேன்.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று வண்டியில் ஏறும்போது உங்களிடம் இரண்டு விஷயம் சொன்னேன். பாத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்த வரிசையில் சொல்லிவிட்டேனே என்று நாலு வருஷமாக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

நம் வழக்கப்படி மூத்த பிள்ளை பாட்டி தாத்தாவுடையது. பெற்ற நாற்பதாம் நாள் பெர்மெத்தை உங்கள் மடியில் வைத்தேன். உங்களை அம்மா என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறாள். அதற்காக நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வரும் செப்டம்பரில் அவளுக்குப் பள்ளி வயது. எங்கள் தெருமுனையில் நல்ல பள்ளி இருக்கிறது. இந்த விஷயத்தில் உங்கள் எண்ணம் என்ன என்று அவர் கேட்கச் சொன்னார். முடிவு உங்களுடையதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மேரிம்

*

அத்பாஷி
14 டிசம்பர் 1978

மேரிமுக்கு,

இங்கே சுகம். நேற்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு டிகிரி குளிர். கன்றுக்குட்டியை வீட்டுக்குள் கட்டியிருக்கிறேன். அங்கே உங்கள் வீட்டுக் குழாயில் சுடுதண்ணீர் வருகிறதாமே, சுகமாகத்தான் இருப்பீர்கள்.

'அவர் கேட்கச் சொன்னார்' என்று எழுதியிருக்கிறாய். என் மகனை எனக்குத் தெரியாதா? அவன் எதைக் கேட்டான், இதைக் கேட்க? கேட்பது நீ. கேட்பதில் தப்பில்லை, பதில் சொல்கிறேன்.

எசென் என் மூத்த பிள்ளை. அவனை வளர்த்தவள் என் மாமியார். நான் பக்கத்து அறையில் ரொட்டி சுட்டுக்கொண்டு அவனுக்கு அண்ணியாக இருந்தேன். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும். அவன் அழுதால் மாமியார் எடுப்பாள். நான் யாரிடமாவது போய் எண்ணம் என்ன என்று கேட்டேனா? அவன் கெட்டா போனான்?

நீயே எழுதியிருக்கிறாய், உங்கள் ஊர் மழை நம் பூவைக் கொல்கிறது என்று. நம் மலையில் முளைத்தது அங்கே பிடிக்காது. பூவுக்கே அப்படி என்றால் பிள்ளைக்கு?

அவளையே கேட்டேன்.

'பெர்மெத், அண்ணி ஊருக்குப் படிக்கப் போறியாடி?'

'அங்கே குதிரை இருக்கா?'

'இல்லை.'

'அப்ப வேணாம்.'

கேட்டாயா? அவளே சொல்லிவிட்டாள். இங்கே பள்ளி கூப்பிடு தூரம்தான்.

பாத்திக்கு ஒன்றும் குறைவில்லை. எலியைக் காணோம். மேலே முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடக்கிறது.

விசேஷம் உண்டா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். பதில் எழுத மறந்துவிட்டாய்போல.

அத்தை

*

நோவோசிபிர்ஸ்க்
21 ஜனவரி 1979

அத்தைக்கு,

நலம்தானே? எங்களுக்குக் குறையொன்றுமில்லை. அவர் பாலம் கட்டும் இடத்திலேயே தங்குகிறார், ஞாயிறு மட்டும் வருகிறார்.

நீங்கள் எழுதியது சரி. இங்கே குதிரை இல்லை.

எனக்கு ஒரு உதவி. பெர்மெத்தை ஒரு தாளின்மேல் நிற்கவைத்து, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்து அனுப்புங்கள். இரண்டு காலும். இங்கே நல்ல கம்பளிப் பூட்ஸ் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது போன வருஷத்து அளவு. அதை மேசைமேல் வைத்து இந்நேரம் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று விரலால் கூட்டிப் பார்க்கிறேன், ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக வருகிறது.

பாத்தியின் தென்பக்கம் பனி முதலில் உருகும். அங்கே மட்டும் விரிப்பைக் கொஞ்சம் முன்னதாக எடுத்துவிடுங்கள், முளையின் மூக்கு வெளியே வரும்போது இருட்டாக இருக்கக்கூடாது.

மேரிம்

*

அத்பாஷி
30 மார்ச் 1979

மேரிமுக்கு,

எல்லோரும் சுகம். பதில் தாமதம் என்று கோபிக்காதே. ஆடுகள் குட்டி போடும் காலம், உனக்குத் தெரியாததா? பண்ணையில் ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். இதுவரை இரட்டைக் குட்டி மட்டும் பத்தொன்பது.

பூட்ஸ் வந்தது. கால் படம் வரையும்போது கூச்சத்தில் நெளிந்தாள், வலது கால் பெரிதாக விழுந்துவிட்டது. அதனால் வலது பூட்ஸில் கொஞ்சம் துணி வைத்திருக்கிறோம். அதைப் போட்டுக்கொண்டு தூங்குவேன் என்று ஒரே அடம். ஜில்திஸ் இப்போது மாநிலப் போட்டிக்குப் போகிறாள். தாலாய்க்கு உதவித்தொகை கொடுத்திருக்கிறார்கள்.

பாத்தியில் ஏழு பூ. நீ சொன்னபடி தென்பக்கம்தான் முதலில். வருஷா வருஷம் வைப்பதுபோல் ஒரு பூவைக் காயவைத்து உறைக்குள் வைத்திருக்கிறேன்.

வேலை கிடக்கிறது, நிறுத்துகிறேன்.
அத்தை

*

நோவோசிபிர்ஸ்க்
2 மே 1979

அத்தைக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

பூ கிடைத்தது. நன்றி.

ஜில்திஸுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆட்டுக் கொட்டிலில் ஈரத்தில் அதிக நேரம் உட்காராதீர்கள், முழங்காலுக்கு ஆகாது. வலது பூட்ஸில் துணி வேண்டாம், காய்ந்த புல் வையுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்.

மேரிம்

*

அத்பாஷி
24 மே 1979

மேரிம் கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்க இன்றைக்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்தது. ஊரைவிட்டுப் போனதிலிருந்து பாத்தியைப் பற்றி இரண்டு வரியாவது இல்லாமல் நீ எழுதியதில்லை. இதில் ஒரு கேள்வி இல்லை. எத்தனை பூ, என்ன நிறம், இலை எவ்வளவு உயரம், ஒன்றுமில்லை. 'பூ கிடைத்தது. நன்றி.' அவ்வளவுதான். நீ திட்டி எழுதியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை எழுதி ஆறியிருப்பேன். நீ கேட்காமல் விட்டதில் எனக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

உண்மையை எழுதிவிடுகிறேன். பாத்தியில் ஒரு கிழங்குகூட இல்லை. நான் அனுப்பியது போன வருஷத்துப் பூ.

போன கோடைக்கு உன்னால் வர முடியவில்லை. ஜூலையில் நம் தெருவுக்கு வாய்க்கால் முறை வந்தது. பக்கத்து வீட்டுத் துமார் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

'என்ன அக்கா, எல்லாப் பாத்தியும் பச்சையா இருக்கு, இது மட்டும் பஞ்சத்துல அடிபட்ட மாதிரி கிடக்கு? மருமக ஊர்ல இல்லன்னா அவ செடிக்குத் தண்ணிகூடக் கிடையாதா?'

எனக்குச் சுருக்கென்றது. மண்வெட்டியை எடுத்து மடையைத் திறந்தேன். பெர்மெத் ஓடிவந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

'ஊத்தாதேம்மா! இலை காஞ்சப்புறம் தண்ணி கூடாதுன்னு அண்ணி சொன்னாங்க. அது தூங்குது.'

'தண்ணி குடிக்காம எதுடி உசுரோட இருக்கும்?'

'அண்ணி சொன்னாங்கம்மா!'

'அண்ணி அங்கே இருக்கா, வெயில் இங்கே இருக்கு. போ, போய்க் கன்னுக்குட்டியைப் பாரு.'

அந்த மாதம் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் பாய்ச்சினேன், துமார் பார்க்கும்படி. அக்டோபரில் விரிப்பை எடுத்துக்கொண்டு போனவள், சும்மா விரலால் கிளறிப் பார்த்தேன். கூழ். கிழங்கைச் சுற்றி ஒரு வலை இருக்குமே, அது மட்டும் கையோடு வந்தது. அதன்மேலேயே விரிப்பை மடித்துப் போட்டுக் கல்லை வைத்துவிட்டு, உள்ளே வந்து உனக்குக் கடிதம் எழுதினேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். வண்டி ஏறும்போது நீ ஒப்படைத்ததில் ஒன்றைக் கொன்றுவிட்டேன் என்று தெரிந்தால், மற்றதைக் கேட்டு வாங்கிக்கொள்வாய் என்ற பயம். வேறொன்றுமில்லை.

அந்தப் பூவைப் பெர்மெத்தின் டப்பாவிலிருந்து எடுத்தேன். அவளிடம் சொல்லாமல் எடுத்தேன். ரெண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்துவிட்டாள்.

'என் பூ எங்கேம்மா?'

'அண்ணிக்கு அனுப்பிட்டேன்.'

'அண்ணிகிட்டதான் ஒண்ணு இருக்கே! போன வருஷம் ரெண்டு காயவெச்சோம். அவங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. இப்ப ரெண்டும் அங்கேயே போயிடுச்சு.'

அழவில்லை. அழுதிருந்தால் ஒரு துண்டு சர்க்கரை கொடுத்துச் சமாதானம் செய்திருப்பேன். காலி டப்பாவை மூடிப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள், குதிரையில் அவளை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு மேல் சரிவுக்குப் போனேன். கீழே எல்லாம் பூத்து ஓய்ந்துவிட்டது. உச்சியில் பனி ஓரமாக இன்னும் இருந்தது, விரல் உயரத்துக்கு, நீலமாக. பத்துக் கிழங்கைத் தோண்டிக்கொண்டுவந்து பாத்தியில் நட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்பது என் கணக்கு. மண்வெட்டியை ஊன்றினேன். அவள் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

'பூக்கும்போது தோண்டினா செத்துப்போகும். காயற வரைக்கும் காத்திருக்கணும்.'

'இதுவும் உங்க அண்ணி சொன்னதா?'

'ஆமா. நீ அப்ப பால் கறந்துட்டு இருந்தே. நாங்க ரெண்டு பேரும் பாத்திகிட்ட இருந்தோம். அண்ணிக்குத் தலையில நீலத்துணி. நான் உன் ரப்பர் செருப்பைப் போட்டிருந்தேன்.'

மேரிம், நீ கடைசியாக வந்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னால். அவளுக்கு அப்போது ஐந்து வயது. நீ சொன்னது ஒன்றுவிடாமல் அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. நான் தினமும் நூறு சொல்கிறேன், அதில் பத்தாவது அவள் காதில் ஏறுகிறதா என்று தெரியவில்லை.

மண்வெட்டியைக் குதிரையில் கட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். போன ஜூலையில் கேட்டிருக்க வேண்டியதை இப்போதாவது கேட்டேனே.

இதை எழுதிவிட்டேன். இனி நீ என்ன எழுதினாலும் சரி.
அத்தை

*

நோவோசிபிர்ஸ்க்
12 ஜூன் 1979

அத்தைக்கு,

இப்போது சாப்பிடுகிறீர்களா? அதை முதலில் எழுதுங்கள். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை.

அது பழைய பூ என்று உறையைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. புதிதாகக் காய்ந்த பூ நீலமாகவே இருக்கும். இதன் ஓரம் பழுப்பாகியிருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் கேட்காமல் விட்டேன். உங்களைத் தண்டிக்க நினைக்கவில்லை.

ஆனால் நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் கிளம்பும்போது நம் பாத்தியிலிருந்து ஒரு கைப்பிடி விதையைத் தலைத்துணி நுனியில் முடிந்து கொண்டுவந்தேன். இங்கே மூன்று சட்டிகளில் போட்டேன். முதல் வசந்தத்தில் ஒன்றும் வரவில்லை. கொட்டிவிடச் சொன்னார்கள், நான் கொட்டவில்லை. இரண்டாம் குளிர்காலம் முடிந்து புல் மாதிரி முளைத்தது. கோடை மழை படாமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மூடினேன். இந்த ஏப்ரலில், சட்டி ஓரத்துப் பனி உருகும்போது, நாலு பூத்தன. நம் முற்றத்து நிறமேதான். அதனால் நம் பாத்தி சாகவில்லை அத்தை. நீங்கள் சாப்பிடலாம்.

நம் மலையில் முளைத்தது அங்கே பிடிக்காது என்று டிசம்பரில் எழுதினீர்களே, அப்போதே சட்டிகளில் செடி இருந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் என் பக்கம் ஜெயித்துவிடும் என்று தெரிந்தது. அப்படி வாதாடி ஜெயித்துப் பிள்ளையை வாங்க எனக்கு மனம் வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டுக் கால் படம் கேட்டு எழுதினேன்.

மலையிலிருந்து கிழங்கு எடுக்க வேண்டாம். பூ இருந்த இடத்தில் மண்ணோடு ஒட்டினாற்போல் விதைக்கூடு இருக்கும். ஜூலை முதல் வாரம் அது வெடிப்பதற்கு முன் பெர்மெத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். பத்தில் இரண்டு எடுத்தால் போதும், மற்றதை மலைக்கு விடுங்கள்.

அவளுடைய பூவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இங்கே பூத்ததில் ஒன்றும் கூட வைத்திருக்கிறேன். பள்ளி விஷயத்தை இனி நான் எழுதமாட்டேன்.

மேரிம்

*

அத்பாஷி
15 ஜூலை 1979

மேரிமுக்கு,

சாப்பிடுகிறேன். பெர்மெத்தும் சாப்பிடுகிறாள். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பூ இரண்டும் வந்தன. டப்பாவில் வைத்து, டப்பாவைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். என் கைக்கு எட்டக்கூடாதாம். நியாயம்தான்.

விதை எடுத்துவந்தோம். கூட்டை அவள்தான் கண்டுபிடித்தாள், எனக்குக் கண் தெரியவில்லை. 'பத்துக்கு ரெண்டு, பத்துக்கு ரெண்டு' என்று எண்ணி எண்ணி எடுத்தாள். மூன்றாவதைத் தொட்டதற்கு என் கையில் ஒரு அடி.

இரண்டு கடிதத்தில் உன்னிடம் விசேஷம் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. பதில் எழுதாததும் ஒரு பதில் என்று இப்போதுதான் புரிந்துகொண்டேன். இனிக் கேட்கமாட்டேன். தொட்டிலைச் சின்னவளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

இன்னொன்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மாமியாரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று எசென் வாசலில் நின்று 'அம்மா' என்றான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் யாரைக் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை. நீ அந்த மாதிரி ஒரு நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த நாள் வர நான் சாக வேண்டியிருக்கும், அதற்கு எனக்கு இப்போது அவசரமில்லை.

பெர்மெத்திடம் சொல்லிவிட்டேன்.

'ஆகஸ்டுல எசென் அண்ணன் வருவான். அவன்கூட அண்ணி ஊருக்குப் போ. அங்கே பள்ளிக்கூடத்துல சேரப் போறே.'

'எத்தனை நாள்?'

'படிப்பு முடியிற வரைக்கும். கோடை லீவுக்கெல்லாம் இங்கேதான்.'

விதைகளைத் தட்டில் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

'அப்ப நீ யார்கூடத் தூங்குவே?'

'பூனை இருக்கு.'

'பூனை உதைக்குமே.'

'நீ உதைக்கலியா? ஏழு வருஷமா என் விலா எலும்புதான் உனக்குப் பந்து.'

சிரித்தாள். அப்புறம் அழுதாள். நான் முதலில் அழுதுவிட்டுத்தான் சொல்லவே போனேன், அதனால் அப்போது அழவில்லை.

துமார் வந்தாள். 'என்ன அக்கா, வளர்த்த பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கறீங்க? பெரியவங்க வெச்ச வழக்கம்னு ஒண்ணு இல்லியா?'

'வழக்கம்னு சொல்லித்தான் வாங்கினேன். அந்தப் பிள்ளைகிட்ட அன்னைக்கு யாரும் கேக்கல. இப்ப நான் கேட்டேன்.'

'என்ன சொல்லிச்சு?'

'குதிரை இல்லாத ஊருக்கு எதுக்குன்னு முன்னாடி சொன்னா. இப்ப அண்ணி வீட்டுச் சட்டியை யார் பாத்துக்கறாங்கன்னு கேக்கறா.'

இந்த முறை வாய்க்கால் திரும்பியபோது பாத்தி மடையை மூன்று கல் வைத்து அடைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள், என் காதில் விழவில்லை.

எசெனை ஆகஸ்ட் இருபதுக்குள் வரச் சொல்.
அத்தை

*

நோவோசிபிர்ஸ்க்
30 ஆகஸ்ட் 1979

அத்தைக்கு,

இருவரும் சுகமாக வந்து சேர்ந்தார்கள். ரயிலில் ஜன்னலை விட்டு நகரவில்லையாம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பூனை உதைக்கிறதா என்று கேட்கச் சொன்னாள்.

என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள். நான் திருத்தவில்லை. நேற்றுச் சட்டிகளைக் காட்டினேன். கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'எங்கம்மா ஒருதடவை தண்ணி ஊத்திட்டாங்க. அதுக்கப்புறம் ஊத்தல' என்றாள். உங்களை விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்.

நாளை மறுநாள் பள்ளி. பள்ளி உடுப்புக்கு மேல் கட்டும் வெள்ளை ஏப்ரனுக்கு இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருக்கிறோம். இன்றைக்கு எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை.

மேரிம்

*

அத்பாஷி
14 செப்டம்பர் 1979

என் மகள்போன்ற மேரிமுக்கு,

நான் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் மூவரும் சுகம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூவர் என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, பிறகு எழுதிவிட்டது.

தாலாய் இரண்டாம் வருஷம் போய்விட்டான். உலான் இந்தத் தடவை பந்தயத்தில் இரண்டாவது. பெர்மெத்திடம் சொல், தாவிக் குதிப்பாள்.

அவள் விட்டுப்போன பாதி விதையைப் பாத்தியில் போட்டுவிட்டேன். இரண்டு குளிர்காலம் ஒன்றும் வராது என்று தெரியும். காத்திருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவள் உன்னை எப்படிக் கூப்பிட்டாலும் திருத்தாதே. வாய் பழகும்வரை விட்டுவிடு.

வீடு பெரிதாகிவிட்டது. சுவரில் அவள் கரியால் எழுதிய பெயருக்கு மேல் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். என்னிடம் இருக்கும் படம் அவளுக்கு மூன்று வயதில் எடுத்தது. அவள் என் மடியில் இருக்கிறாள். நீ ஓரமாக நிற்கிறாய், உன் தோளும் பாதி முகமும்தான் விழுந்திருக்கின்றன. ஸ்டூடியோவுக்குப் போய்ப் பள்ளி உடுப்பில் புதுப் படம் ஒன்று எடு. நீ ஓரமாக நிற்காதே. நாற்காலியில் நடுவில் உட்கார், அவள் உன் பக்கத்தில் நிற்கட்டும். பின்பக்கம் பெயர் எழுதும்போது 'மேரிம், அவள் மகள் பெர்மெத்' என்று எழுது. பெரிய எழுத்தில் எழுது, துமாரும் படிக்க வேண்டும். உறைக்குள் ஒரு அட்டை வைத்து, மடங்காமல், பதிவுத் தபாலில் போடு.

அத்தை